குரல்வளம் இல்லார்க்கும் இசைப்பயிற்சி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசும்படி செயற்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, விரும்பிய பொருளைப் பற்றிப் பேசலாம் என்று உரிமையும் தந்தனர். யாம் இசையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், எம்மை நன்கறிந்த நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததிலே பிழையில்லை. எமது குரலை அவர் பல்லாண்டு கேட்டிருக்கிறார். ஆயினும், இசையின் பெருமையை எடுத்துரைக்க வல்ல வித்துவான்களாலும் சொல்ல இயலாத செய்தி ஒன்று உண்டு. பாட வராதவனுடைய நிலைமை எத்தகையது என்பதே அச்செய்தி. அதனைச் சொல்வதற்கு எமக்கு வேண்டிய தகுதி நிரம்ப இருக்கிறது. அத்துணிவொன்றையே துணையாகக் கொண்டு உங்கள் முன் நிற்கின்றோம்.

யாம் கல்வி கற்றது ஒரு மிஷன் கல்லூரியில். எமக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, பரிசளிப்பு விழாவுக்கென்று எங்கள் வகுப்பு முழுவதற்கும் ஒரு கூட்டுப்பாட்டுப் பழக்கினார்கள். பழக்கியவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் வாயருகிலும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். எம்மிடம் வந்ததும் நின்றார். மெதுவாகத் தோளைத் தொட்டு, “தம்பி, நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வேண்டாம்” என்றார். அவர் கோபித்துச் சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். விழாவும் சிறப்பாகவே நடந்தேறியது. ஆனால் அன்று முதல் ஏழாண்டு காலம் யாம் வாயை மட்டுமே அசைத்தோம். கல்லூரிக் கீதம் பாடும்போது அசைத்தோம். ஊர்க் கோயிலிலே பஜனை நடந்தபோது அசைத்தோம். இச்சங்கத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையிலும் அசைத்தோம். பக்கத்தில் நின்றவர்கள் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்களிலும் சிலர் எம்மைப் போலவே அசைத்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும்.

எங்கள் அம்மம்மாவுக்குக் கண்பார்வை குன்றியபின், வெள்ளிதோறும் விளக்கேற்றியதும் எம்மைத் தமது கதிரையருகே அழைத்துத் தேவாரம் படிக்கச் சொல்வார். யாம் புத்தகத்தை எடுத்துப் பத்திரிகை படிப்பதுபோலப் படிப்போம். அவர் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, “வாசிக்கிறாய் ராசா, பாடு” என்பார். “எனக்குப் பாட வராது அம்மம்மா” என்போம். “ஆர் சொன்னது?” என்று கேட்பார். யார் சொன்னது என்பது எமக்குத் தெரியும், ஆனால் சொன்னதில்லை. யாம் பல்கலைக்கழகம் புகுந்த முதலாம் ஆண்டிலே அவர் காலமானார். ஈமக்கிரியையின்போது திருப்பொற்சுண்ணம் பாடினார்கள். பேரப்பிள்ளைகளுள் மூத்தவர் என்று எம்மை முன்னே நிறுத்திக் கையிலே நெய்ப்பந்தத்தைத் தந்தார்கள். ஏழாண்டாகப் பாடு பாடு என்று கேட்டவருடைய காலடியிலே பந்தம் பிடித்து நின்றபடி, யாம் அன்றும் வாயை மட்டுமே அசைத்தோம்.

இதனை உங்கள் இரக்கத்தைப் பெறுதற்காகச் சொல்லவில்லை. இன்றைய பேச்சின் வினா இதிலிருந்தே பிறக்கின்றது. இயற்கையிலே குரல்வளம் இல்லாதவனுக்கு இசைப்பயிற்சியினாற் பயன் உண்டா? அவனுக்குச் செலவிடும் நேரமும் பணமும் வீணல்லவா? நம்முடைய ஊர்களிலே இசைக்கல்விக்குக் குறைவில்லை. 1931ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தி, முடிவிலே கலாவித்தகர் என்னும் பட்டத்தையும் அளித்து வருகின்றது. மருதனார்மடத்திலே 1960இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக்கல்லூரி எத்தனையோ ஆசிரியர்களையும் கலைஞர்களையும் உருவாக்கியிருக்கின்றது. இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவன. ஆனால் இவற்றின் நிழலிலே ஓர் எண்ணமும் வளர்ந்துவிட்டது. பாட்டுப் படிப்பதென்றால் பரீட்சைக்கு, அன்றேல் போட்டிக்கு, அன்றேல் அரங்கேற்றத்துக்கு என்பதே அவ்வெண்ணம். எனவே பிள்ளைக்கு ஆறேழு வயதாகும்போதே, “குரல் இருக்கிறதா?” என்று பார்க்கிறோம். இருந்தால் வகுப்புக்கு அனுப்புகிறோம். இல்லையேல், “உனக்கு இது சரிவராது” என்று கதவைச் சாத்திவிடுகிறோம். நோயில்லாதவனை மாத்திரம் உள்ளே விடும் வைத்தியசாலை எங்கேனும் உண்டா?

இசை பிறவிக் கொடை, விட்டகுறை தொட்டகுறையால் வருவது என்று பெரியோர்கள் கூறுவர். அதனை யாம் மறுக்கத் துணியோம். ஒரு சிறு விண்ணப்பம் மாத்திரம் செய்துகொள்கிறோம். சென்ற பிறப்பிலே தொடங்கியவன் இப்பிறப்பிலே இனிது பாடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சென்ற பிறப்பிலே தொடங்கியபோது எப்படிப் பாடியிருப்பான்? எம்மைப் போலத்தானே பாடியிருப்பான்! இப்பிறப்பிலே தொடங்காதவன் பின்னர் எப்பிறப்பிலே பாடப்போகிறான்?

இனி, பாடுதல் என்னும் தொழில் எவ்வாறு நிகழ்கிறது என்று சிறிது நோக்குவோம். தொண்டையினுள்ளே குரல்நாண்கள் இரண்டு உள்ளன. மூச்சு அவற்றிடையே செல்லும்போது அவை அதிர்கின்றன. பேசும்போது ஆடவர் குரல்நாண்கள் விநாடிக்கு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட தடவையும், பெண்களுடையவை ஏறக்குறைய இருநூறு தடவையும் அதிரும். நாண்களை இழுத்து இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வீணைக்கு மெட்டுக்கள் உண்டு. விரலை எங்கே வைப்பதென்று கண்ணாற் பார்க்கலாம். தொண்டைக்கு மெட்டு இல்லை. காது ஒரு சுரத்தைக் கேட்டு, மூளை அதனை மனத்திலே நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத சிறு தசைகளுக்கு ஏவல் செய்து, பிறந்த ஒலியை மீண்டும் காது சோதித்துத் திருத்தவேண்டும். இத்தனையும் கணப்பொழுதில் நடக்கவேண்டும். குழந்தை நடை பழகுவதும், யாம் துவிச்சக்கரவண்டி ஓடப் பழகியதும் இவ்வகைத் தொழில்களே. முதல்நாள் விழுந்தவனை நோக்கி, “உனக்குக் கால்வளம் இல்லை” என்று எவரும் சொல்வதில்லை.

அறிவியலாளர் இவ்விடயத்தை ஆராய்ந்திருக்கின்றனர். சுரபேதம் அறியமாட்டாத பிறவிக்குறை ஒன்று உண்டு என்பது உண்மையே. முன்னாளிலே நூற்றுக்கு நான்கு பேருக்கு அக்குறை உண்டு என மதிப்பிட்டனர். மொன்றியல் நகரத்து ஆய்வாளர் இசபெல் பெரெற்ஸ் அவர்களும் துணைவர் ஒருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரம் பேருள் ஏறக்குறையப் பதினைந்து பேருக்கே அஃது உண்டெனக் காட்டிற்று. ஆனால் “எனக்குப் பாட வராது” என்று சொல்வோர் ஆயிரத்திற் பதினைந்து பேர்தாமா? இச்சபையிலே எண்ணினாலே அதற்கு மேல் வரும். அவ்வாறாயின் ஏனையோருக்கு என்ன குறை? 2007ஆம் ஆண்டிலே பீற்றர் ஃபோட்றெஷர், ஸ்ரீவன் பிறவுண் என்னும் ஆய்வாளர் இருவர், சுருதி பிசகிப் பாடுவோரைச் சோதித்துப் பார்த்தனர். அவர்கள் சுரங்களின் வேறுபாட்டைக் கேட்டறிவதிலே மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இருக்கவில்லை. கேட்டதைக் குரலாக மாற்றும் இடத்திலேதான் வழி தவறியிருந்தனர். காது நன்றாகவே இருக்கிறது. காதுக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள பாதை புதர் மண்டிக் கிடக்கிறது. புதரை வெட்டி வழி திறப்பது பயிற்சியன்றோ?

அமெரிக்காவிலே 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. பாலர் வகுப்புப் பிள்ளைகளையும், ஆறாம் வகுப்பு மாணவரையும், கல்லூரி மாணவரையும் பாடச் செய்து, எவ்வளவு பிழையின்றிப் பாடுகின்றனர் என்று அளந்தார்கள். பாலரைவிட ஆறாம் வகுப்பினர் மிக நன்றாகப் பாடினர். கல்லூரி மாணவரோ சில சோதனைகளிலே பாலர் வகுப்பினரின் நிலைக்குத் திரும்பியிருந்தனர்! பாடசாலையிலே பாடிய காலத்தில் வளர்ந்த திறமை, பாடாது விட்ட காலத்தில் தேய்ந்துவிட்டது. பாடும் ஆற்றல் பிறவியிலே அளந்து வைத்த பொருளாயின், அது வளர்வதும் தேய்வதும் எங்ஙனம்?

எமது அனுபவமும் இதற்குச் சான்று. அம்மம்மாவின் முப்பத்தோராம் நாட்கிரியை முடிந்த மறுவாரம், எங்கள் ஊரிலே இளைப்பாறியிருக்கும் சங்கீத ஆசிரியை ஒருவரிடம் சென்றோம். “எனக்குக் குரல் இல்லை, ஆனாலும் படிக்க விருப்பம்” என்றோம். அவர் சிரிக்கவில்லை. “குரலைப் பிறகு பாப்பம். முதலிலே காதைப் பாப்பம்” என்று சொல்லி, இரண்டு சுரங்களைப் பாடி, எது மேலே, எது கீழே என்று கேட்டார். பத்துத் தடவை கேட்டார். ஒன்பது தடவை சரியாகச் சொன்னோம். “காது இருக்கு. நாளைக்கு வாரும்” என்றார்.

மறுநாள் அவர் தமது ஐந்து கட்டைச் சுருதியிலே சட்சத்தைப் பாடினார். எம்மால் அதனை எட்ட முடியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. பழைய வெட்கம் முகத்திலே ஏறிற்று. அவர் சுருதிப்பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கினார். “இப்ப பாடும்” என்றார். பாடினோம். சுருதியோடு குரல் ஒட்டிக்கொண்டது. பாலிலே நீர் கலந்ததுபோல எமது ஒலி எது, பெட்டியின் ஒலி எது என்று பிரித்தறிய முடியாத ஒரு கணம் வந்தது. ஏழாண்டாக எமக்குக் குரல் இல்லை என்று எண்ணியிருந்தோம். எமக்கு இல்லாதிருந்தது எமக்குரிய சுருதி!

அப்பொழுதுதான் மற்றோர் உண்மையும் விளங்கிற்று. பதின்மூன்று வயதென்பது சிறுவர்களுக்கு மகரக்கட்டு உடையும் காலம். குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது போகும். அந்நிலை சில காலத்திலே தானே சீர்ப்படும். அந்தத் தற்காலிக நிலையிலே ஒருவனைக் கேட்டுவிட்டு, வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மாரிகாலத்திலே கிணற்றைப் பார்த்து, இக்கிணறு எக்காலத்தும் கலங்கலாகவே இருக்கும் என்று முடிவு கட்டலாமா?

பின்னர் சரளி வரிசை தொடங்கிற்று. நம்முடைய முன்னோரின் மதிநுட்பத்தை யாம் அங்கேதான் கண்டோம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களுக்கும் உரிய ஏழு அலங்காரங்கள், அதன்பின் கீதம் என்று படிப்படியாகச் செல்லும் இம்முறையைப் புரந்தரதாசர் (1484–1564) வகுத்தார் என்பது மரபு. தொடக்கப் பாடங்களுக்கு அமைந்த இராகம் மாயாமாளவகௌளை. அதிலே சட்சத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே குறுகிய இடைவெளி, அடுத்தது அகன்றது, அதற்கடுத்தது மீண்டும் குறுகியது. பஞ்சமத்திலிருந்து மேற்சட்சம் வரையும் அதே அமைப்பு. கீழ்ப்பாதியைப் பழகியவன் மேற்பாதியையும் பாதி பழகிவிட்டான். ஒரே வரிசையை முதற்காலத்திலும், இரட்டித்த வேகத்திலே இரண்டாங் காலத்திலும், மீண்டும் இரட்டித்து மூன்றாங் காலத்திலும் பாடவேண்டும். சட்சம் இன்ன சுருதியிலே நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாடுபவன் குரலுக்கு இசைய அதனை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நுணுக்கமாகப் படி கட்டியவர்கள் யாருக்காகக் கட்டினார்கள்? பறக்க வல்லவனுக்குப் படி எதற்கு? ஏற இயலாதவனுக்கென்றே கட்டிய படியிலே, ஏற வல்லவனை மாத்திரம் ஏறவிடுவது என்ன நியாயம்?

இவ்விடத்திலே, யாம் மிஷன் கல்லூரியிலே கண்ட ஒன்றையும் கூறுதல் கடமையாகும். அங்கே சிற்றாலய ஆராதனையின்போது போதகர் முதல் கடைசி வாங்கிலிருக்கும் காவற்காரர் வரை எல்லோரும் பாடுவார்கள். நல்ல குரலும் கரகரத்த குரலும் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும். எம்மோடு படித்த சைவப் பிள்ளைகள் பலர், அவர்களெல்லாம் பிறவியிலேயே பாடகர் என்று நினைத்ததுண்டு. பின்னர் வரலாற்றைப் படித்தபோது உண்மை வேறாயிருந்தது. இங்கிலாந்திலே நொறிச் நகரில் சாரா குளோவர் என்னும் அம்மையார், சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பிக்க எளிய முறையொன்றைக் கண்டு 1835இல் நூலாக வெளியிட்டார். 1841இலே ஹல் நகரிற் கூடிய ஞாயிற்றுப் பாடசாலை ஆசிரியர் மாநாடு, எல்லோருக்கும் பாட்டுக் கற்பிக்க ஏற்ற வழியொன்றைக் கண்டறியும் பணியை யோன் கேர்வென் என்னும் இளம் போதகரிடம் ஒப்படைத்தது. அவர் இசைப்புலவர் அல்லர். முறையான இசைக்கல்வி பெற்றவரும் அல்லர். குளோவர் அம்மையாரின் நூலைக்கொண்டு முதலிலே தாம் கற்றார். பிறகு அதனைத் திருத்தி மற்றவர்களுக்குக் கற்பித்தார். ‘ரொனிக் சொல்பா’ என்று பெயர்பெற்ற அம்முறையை மிஷனரிமார் பல தேசங்களுக்கும் கொண்டு சென்றனர். அதிலும் ‘தோ’ என்னும் முதற்சுரம் நம்முடைய சட்சம்போலவே எந்தச் சுருதியிலும் நிற்கும். எனவே அவர்கள் எல்லோரும் பாடுவது பிறவிப் பயனன்று. பாடம் படித்த பயன். இசைப்புலமை இல்லாத ஒருவர் முன்னின்று பரப்பிய பாடம் அது. அத்தகைய பாடம் நம்மிடமும் நூற்றாண்டுகளாக இருக்கின்றது. நாம் அதனைப் பூட்டி வைத்துச் சாவியை ஒரு சிலர் கையிலே கொடுத்திருக்கிறோம்.

இனி, பயன் யாது என்னும் வினாவுக்கு வருவோம். பயிற்சியினால் யாம் பாடகராகிவிட்டோமா? இல்லை. ஓராண்டுக்கு மேலாகியும் மேல்ஸ்தாயியிலே எமது குரல் நடுங்குகின்றது. மூன்றாங் காலத்திலே தாளம் எம்மை விட்டு ஓடிவிடுகின்றது. குரலின் இனிமையைப் பயிற்சி ஓரளவே திருத்தும், குயிலாக்கிவிடாது. இதனை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் யாம் எதிர்பாராத பயன்கள் பல கிடைத்தன.

முதலாவது, காது திறந்தது. எங்கள் ஊர்க் கோயிற் திருவிழாவிலே, வசந்தமண்டபத்திலிருந்து சுவாமி எழுந்தருளும்போது நாதசுரத்திலே மல்லாரி வாசிப்பதைச் சிறுவயது முதல் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறோம். கேட்டோம் என்பதைவிட, அது வாசிக்கப்பட்ட இடத்தில் நின்றோம் என்பதே பொருந்தும். சென்ற திருவிழாவின்போது ஏதோ அறிமுகமான முகத்தைச் சனக்கூட்டத்திலே கண்டதுபோல் இருந்தது. ஆசிரியையிடம் கேட்டோம். மல்லாரி கம்பீரநாட்டை இராகம் என்றார். யாம் நாள்தோறும் பாடும் சரளி வரிசையின் சுரங்களிலே ரிஷபத்தையும் தைவதத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவன கம்பீரநாட்டையின் சுரங்களே என்றும் விளக்கினார். அம்மட்டோ? தேவாரத் திருமுறைகளின் முதற் பதிகத்துக்குரிய பண் நட்டபாடை. அதனை இன்று கம்பீரநாட்டையிலேதான் பாடுகிறோம் என்றார். சுவாமி புறப்படும் இசையும், திருமுறை தொடங்கும் இசையும் ஒன்று! இருபதாண்டு அவ்வீதியிலே நின்ற எமக்கு இது தெரியாதிருந்தது. பாடகனாக முடியாதவனும் நல்ல இரசிகனாகலாம். நல்ல இரசிகர் இல்லாத ஊரிலே நல்ல வித்துவான் எத்தனை நாள் இருப்பான்?

இரண்டாவது, தமிழ் வாயிலே நின்றது. வாசிக்கும்போது குறிலையும் நெடிலையும் விழுங்கிக்கொண்டு ஓடிவிடலாம். தாளத்துக்குப் பாடும்போது ஒவ்வோர் எழுத்தும் தன் மாத்திரையைக் கேட்டு வாங்கும். ழகரமும் ளகரமும் மயங்கினால் பாடுபவன் காதே அவனைக் கண்டிக்கும். பதங்களைப் பிரித்துப் பொருளுணர்ந்தாலன்றி மூச்சை எங்கே எடுப்பதென்று தெரியாது. சிறுவயதிலே மனனஞ் செய்த பதிகங்களின் பொருளை யாம் உணர்ந்தது மூச்சுக்கு இடம் தேடியபோதுதான்.

மூன்றாவது, பணிவு வந்தது. பரீட்சைகளிலே முன்னணியில் நின்று பழகிய எமக்கு வகுப்புத் தோழியாய் அமைந்தவள் எட்டு வயதுச் சிறுமி. யாம் பிழைவிடும்போதெல்லாம், “அண்ணா, அது ப இல்லை, ம” என்று தாளத்தை விடாமலே திருத்துவாள். தன்னால் எளிதிலே செய்ய முடியாத ஒன்றை விரும்பிக் கற்பது எவ்வளவு நல்ல மருந்து என்பதை அவளிடமே அறிந்தோம்.

சிலர் தடை கூறுவர். “எல்லோரும் பாடத் தொடங்கினால் இசை கெட்டுவிடாதா? கச்சேரியிலே அபசுரத்தை யார் கேட்பது?” என்பர். மேடை வேறு, வழிபாடு வேறு. மேடையிலே கேட்போருக்காகப் பாடுகிறோம். அங்கே வல்லார் பாடுக, மற்றவர் கேட்க. வழிபாட்டிலும், தாலாட்டிலும், துக்கவீட்டிலும் பாட்டு ஒவ்வொருவருடைய சொந்தக் கடமை. பசித்தவனுக்காக மற்றொருவன் உண்ண முடியாததுபோல, அங்கே ஒருவனுக்காக மற்றொருவன் பாட முடியாது. பிறவியிலே சுரபேதம் அறியாத அந்தச் சிலரை என் செய்வது என்றும் கேட்கலாம். தாளம் வழுவாதோர் அவர்களிலும் உளர். கைத்தாளத்தை அவர்கள் கையிலே கொடுப்போம். வெளியே போ என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

திருவிளையாடற் புராணத்திலே விறகு விற்ற படலத்தை நீங்கள் அறிவீர்கள். ஏமநாதன் என்னும் வடநாட்டுப் பாடகனின் செருக்கை அடக்கவும், தம் அடியார் பாணபத்திரரைக் காக்கவும் சோமசுந்தரக் கடவுள் விறகாளாய் வந்தார். ஏமநாதன் தங்கியிருந்த மனைத் திண்ணையிலே இருந்து பாடினார். “நீ யார்?” என்று அவன் வினவியபோது, பாணபத்திரரிடம் இசை பயிலச் சென்று, முதுமையால் இதற்கு ஆகாய் என்று தள்ளப்பட்டவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். எத்தனையோ வேடங்கள் இருக்க, ‘பாட்டுக்கு ஆகாதவன்’ என்று ஒதுக்கப்பட்ட மாணாக்கனின் வேடத்தை இறைவன் மேற்கொண்டதை எண்ணுந்தோறும் எமது நெஞ்சம் ஆறுதலடைகின்றது. நம்மால் ஒதுக்கப்பட்டவனை நாம் சிறிது அச்சத்தோடு நோக்குதல் நன்று.

சென்ற மாதம் அம்மம்மாவின் ஆட்டைத் திவசம். படத்தின் முன்னே விளக்கேற்றியபின், யாம் ஒரு பதிகத்தைப் பாடத் தொடங்கினோம். ஒரு கட்டைச் சுருதி. சுருதிப்பெட்டியைத் தம்பி பிடித்தான். இரண்டாம் பாட்டிலே குரல் பிசகியது. தங்கை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் பாட்டிலே எமது குரலோடு மற்றொரு குரல் சேர்ந்து ஒலித்தது. திரும்பிப் பார்த்தோம், அம்மா. எம் வாழ்நாளிலே அம்மா பாடி யாம் கேட்டதில்லை. பத்துப் பாட்டும் முடிந்தபின், “உங்களுக்குப் பாட வருமா அம்மா?” என்று கேட்டோம். “எனக்கும் பள்ளிக்கூடத்திலை வாயை அசைக்கத்தான் சொன்னவை” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மம்மா எம்மிடம் கேட்டதை அம்மாவிடமும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாரோ என்று அன்றிரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே, தோளைத் தொட்டுச் சொன்ன ஒரு சிறு சொல் ஒரு தலைமுறையின் வாயை அடைத்து, அடுத்த தலைமுறைக்கும் தொடர்கின்றது. ஆகையால் இச்சங்கத்தின் முன்னே மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இசைவகுப்பொன்று நடத்துவோமாக. அதிலே சேர்வதற்குக் குரற் சோதனை வேண்டாம், வயதெல்லையும் வேண்டாம். இரண்டாவது, அவ்வகுப்பிலே ஒவ்வொருவருக்கும் உரிய சுருதியைக் கண்டறிந்து கொடுப்பதே முதற்பாடமாகட்டும். ஓராண்டு வரை போட்டியோ மேடையோ அங்கே பேசப்படாதிருக்கட்டும். மூன்றாவது, வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே வழக்கமாகப் பாடும் இருவரும் முன்னே பாட, மற்றவர்கள் ஒவ்வோர் அடியையும் திரும்பப் பாடுவோமாக. வகுப்பை நடத்த எங்கள் ஆசிரியை இசைந்திருக்கிறார். மண்டபத்தைத் திறந்து, பாய் விரித்து, சுருதிப்பெட்டியைத் தூக்கி வரும் பணியை யாம் ஏற்றுக்கொள்கிறோம்.

பெரியோர்களிடம் ஒரு தனி விண்ணப்பம். உங்களில் யாரேனும் இத்தனை காலம் வாயை மட்டும் அசைத்திருந்தால், வெட்கப்படாமல் முதல்நாளே வாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் சிரிக்கக்கூடும். இரண்டாம் பாட்டு வரைதான் சிரிப்பார்கள். இளைஞர்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலே யாரேனும் “பாடு” என்று கேட்டால், இன்றே பாடிவிடுங்கள். கேட்பவர் எப்பொழுதும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்.

இக்கூட்டத்தின் முடிவிலே பாடப்பெறும் தேவாரத்தை எல்லோரும் எழுந்து நின்று, சத்தமாகவே பாடும்படி வேண்டுகின்றோம்.